மால்கம் ஸ்மித்: எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் வழியில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். மலைக்குப் போகிறவர்கள் காற்றுப் பார்க்கவும் செயினை இறுக்கவும் நிற்பார்கள். சுவரில் மால்கம் ஸ்மித் என்ற பைக் பந்தய வீரரின் பெரிய படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் கேள்விகள் வரும். வேலைக்கு நடுவில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை அவர். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

படத்தில் இருக்கிறவர் யார் அண்ணா?

மால்கம் ஸ்மித். 1941-இல் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள சால்ட் ஸ்பிரிங் தீவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. அங்கேயே வளர்ந்து, மெக்கானிக்காகி, பந்தய வீரராகி, பிறகு ரிவர்சைடு நகரத்தில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் கடையும் வைத்தார். கடைசிக் காலத்தில் பார்கின்சன் நோயோடு போராடி, 2024 நவம்பர் 27 அன்று 83 வயதில் காலமானார்.

தார் ரோடு முடிகிற இடத்தில்தான் அவருடைய பந்தயமே ஆரம்பிக்கும். காடு, மணல், பாறை, சேறு, ஓடை என்று எல்லாவற்றிலும் ஓட்டி ஜெயித்தவர். இந்த வகைப் பந்தயத்தில் உலகம் கண்ட மிகப் பெரிய ஆட்களில் ஒருவர். என்னைக் கேட்டால், மிகச் சிறந்தவரே அவர்தான்.

எட்டுத் தங்கம் வாங்கினார் என்கிறார்களே, எட்டு தடவை முதலிடமா?

இல்லை. ஆனால் விவரம் தெரிந்தால் மரியாதை இன்னும் கூடும்.

அந்தப் பந்தயத்தின் பெயர் சர்வதேச ஆறு நாள் டிரயல். 1913-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. பிற்பாடு எண்டூரோ என்று பெயர் மாற்றி இன்றைக்கும் நடத்துகிறார்கள். ஆறு நாளும் காலையில் கிளம்பி, காட்டுத்தடத்தில் ஒரு செக்பாயின்டிலிருந்து அடுத்ததற்குக் குறித்த நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் மதிப்பெண் போகும். இடையிடையே வேகத்தை மட்டும் அளக்கும் தனிச் சோதனைகளும் உண்டு. தன் வகுப்பில் முதலாவதாக வந்தவரின் கணக்குக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறோம் என்பதைப் பார்த்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் கொடுப்பார்கள். ஒரே வருஷத்தில் பலருக்குத் தங்கம் கிடைக்கும். அப்படி 1966-க்கும் 1976-க்கும் இடையில் மால்கம் வாங்கியது எட்டு.

பலருக்குக் கிடைப்பதால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரி வண்டி உங்கள் கையில் இருக்காது. பூட்டிய வளாகத்தில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். முக்கியமான பாகங்களில் பெயின்ட் அடையாளம் வைத்திருப்பார்கள், மாற்றினால் தெரிந்துவிடும். காலையில் உங்கள் நேரம் வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிக் கோட்டைத் தாண்ட வேண்டும். வழியில் எது கெட்டாலும் ஓட்டுபவரே ரிப்பேர் செய்ய வேண்டும். வேறு யாரும் ஸ்பேனரைக் கொண்டு வண்டியைத் தொடக்கூடாது. டயர் மாற்ற, கேபிள் மாற்ற, பிளக் மாற்ற எல்லாவற்றுக்கும் தன் நேரத்திலிருந்தே நிமிடங்களைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஒருவர் நல்ல ரைடராக இருந்தால் மட்டும் போதாது. நல்ல மெக்கானிக்காகவும் இருக்க வேண்டும். அதற்கும் மேலே, மெக்கானிக் வேலையே வராதபடி வண்டியை நடத்தத் தெரிய வேண்டும். 1973-இல் இந்தப் போட்டி முதன்முறையாக அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டால்டன் ஊரில் நடந்தது. அங்கே வெள்ளிக் குவளைக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியிலும் மால்கம் இருந்தார்.

பாஹா என்பது என்ன?

மெக்சிகோ நாட்டின் மேற்கோரத்தில் வால்போல் நீண்டு கிடக்கும் பாலைவனத் தீபகற்பம். 1967-இல் அங்கே முதல் ஆயிரம் மைல் பந்தயம் நடந்தபோது, ஜே. என். ராபர்ட்ஸும் மால்கமும் ஒரே ஹஸ்க்வர்னா பைக்கை மாற்றி மாற்றி ஓட்டி மோட்டார் சைக்கிள் பிரிவில் ஜெயித்தார்கள். பாஹா ஆயிரத்தில் மொத்தம் ஆறு வெற்றி: மூன்று பைக்கில், மூன்று காரில். பாஹா ஐந்நூறிலும் நான்கு முறை வென்றிருக்கிறார். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலைநாட்டில் நடக்கும் ரூஃப் ஆஃப் ஆப்பிரிக்கா பந்தயத்தில் இரண்டு வெற்றி. இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் இப்படிச் சாதித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவரைவிட வேகமாக ஓட்டியவர்கள் இருந்தார்களே? பெல்ஜியத்து ரோஜர் டி கோஸ்டர் ஐந்து தடவை உலகச் சாம்பியன். அவர் படத்தை ஏன் மாட்டவில்லை?

மூடிய மண் டிராக்கில் சுற்றும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு டி கோஸ்டர்தான் ராஜா. 500 சிசி பிரிவில் 1971-க்கும் 1976-க்கும் நடுவில் ஐந்து பட்டம். அந்தத் திறமைக்குக் கைகூப்புகிறேன். மூடிய டிராக்கில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சுற்றினால் மால்கமைத் தாண்டிப் போகக்கூடியவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை.

நான் மால்கமைக் கும்பிடுவதற்குக் காரணம் வேறு. அவர் வண்டியை அடிக்கவே மாட்டார். பழைய படச்சுருள்களில் பாருங்கள்: புட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்பார், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், கை தளர்ந்திருக்கும். கல் வந்தால் வண்டி ஏறி இறங்கும், ஆள் அதே உயரத்தில் மிதந்து போவார். ஹேண்டிலோடு மல்லுக்கட்டுவது கிடையாது. முகத்தில் சிரிப்பும் மாறாது. பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள், இவர் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் குளிக்கப் போகிற பையன் மாதிரி போவார்.

இந்த லாகவம் பட்டறையில் வந்தது என்பது என் நம்பிக்கை. கே அண்ட் என் என்ற மோட்டார் சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். இன்று உலகம் முழுக்க விற்கும் கே அண்ட் என் ஏர் பில்டர் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. ஸ்போக்ஸ் கம்பி எப்படி அறுகிறது, கிளட்ச் பிளேட் எப்படிக் கருகுகிறது என்று கையால் பார்த்தவனுக்கு, ஓட்டும்போது வண்டிக்கு எங்கே வலிக்கும் என்று தெரியும். வேகத்தில் ஜெயித்தவர்கள் நிறையப் பேர். வண்டியைக் காப்பாற்றி, அதனாலேயே ஜெயித்தவர் இவர். நம்மைப் போல ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, அதிலேயே வேலைக்கும் போய், அதிலேயே மலைக்கும் போகிறவர்களுக்கு எந்த ஆளின் படம் சுவரில் இருக்க வேண்டும், சொல்லுங்கள்?

அவர் ஓட்டிய ஹஸ்க்வர்னா எப்படிப்பட்ட வண்டி? நம்ம எஸ்டி (Yezdi) பைக் ஓட்டியவர்களுக்குப் புரியுமா?

நன்றாகவே புரியும். சுவீடன் நாட்டுத் தயாரிப்பு, ஏர் கூலிங், டூ ஸ்ட்ரோக், கிக்கர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர். அவை அமுங்கும் தூரம், இப்போது வரும் ஆஃப் ரோடு வண்டிகளோடு ஒப்பிட்டால் பாதிகூட வராது. ரேடியேட்டரும் கிடையாது, எலெக்ட்ரானிக் பெட்டியும் கிடையாது. எடை குறைவு, இழுவை நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இதில் நம் மலைக்கு உதவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய எஸ்டி வைத்திருக்கிற தம்பிகள் கவனமாகப் படிக்கவும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டியில், பிஸ்டனுக்கு எண்ணெய் போவது பெட்ரோலோடுதான். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது, கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? இஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் ரொம்பக் கொஞ்சமாகப் போகும், அதோடு எண்ணெயும் குறையும். பிஸ்டன் காய்ந்துபோய்ச் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி விடுங்கள். சிலிண்டருக்கு ஒரு வாய் எண்ணெய் கிடைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு இது தேவையில்லை. அதில் தாராளமாகக் கியரிலேயே இறங்கலாம், இறங்கவும் வேண்டும். நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது எந்த வண்டியிலும் ஆபத்து.

அவர் மாதிரி வழியிலேயே எல்லாம் சரி செய்ய என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

முதலில் டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். நாகலூர் தாண்டி உள்ளே போன பிறகு பஞ்சர் ஆனால், ஆள் தேடிப் போய் வருவதற்குள் இருட்டிவிடும்.

பலர் செய்வது, டயர் லீவரை ஒரு பக்கம் கொடுத்து முழு பலத்தையும் போட்டு நெம்புவது. ரிம் வளையும், டியூப் கிழியும். பலம் தேவையே இல்லை. வால்வு நட்டைக் கழற்றி, மிச்சக் காற்றை முழுக்க இறக்குங்கள். லீவர் கொடுக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அங்கே தளர்ந்தால் இங்கே தானாக இடம் கிடைக்கும், இரண்டு லீவரும் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். புது டியூபை உள்ளே விடுவதற்கு முன்னால் கொஞ்சம் காற்று ஏற்றுங்கள், டியூப் வட்டமாக நிற்கிற அளவுக்கு. சப்பையாக உள்ளே விட்டால் மடிந்து, லீவரில் சிக்கிப் புதுப் பஞ்சராகும். டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓட்டை போட்ட முள்ளோ ஆணியோ அங்கேயே நிற்கும். அதை எடுக்காமல் மூடினால் மறுபடியும் அதே கதை.

அப்புறம் கிளட்ச் கேபிள். ஆறு நாள் பந்தய வீரர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு: ஓடுகிற கேபிளோடு சேர்த்து இன்னொரு கேபிளையும் டேப் சுற்றி வைத்திருப்பார்கள். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டிவிட்டுப் போகலாம். செலவு கொஞ்சம்தான். எங்கள் பட்டறையில் கேட்கிறவர்களுக்கு அப்படியே கட்டிக் கொடுக்கிறேன்.

ஏர் பில்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலையில் கோடைக்காலச் செம்மண் புழுதி மாவு மாதிரி இருக்கும். ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, பில்டர் ஆயில் ஊற்றிப் பிசைந்து பிழிந்து மாட்டுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், கிழியும். பேப்பர் பில்டரைக் கழுவவே கூடாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

சேர்வராயன் மலையில் எங்கே ஆஃப் ரோடு ஓட்டலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு மனசு கனக்கிறது. வீடியோ எடுப்பதற்காகக் காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, செடியை மிதித்து, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலையில் காப்பி இருக்கிறது. அதை நம்பித்தான் இங்கே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

நிலவரம் இதுதான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், பைக்கோடு போனால் கேட்கவே வேண்டாம். எஸ்டேட் மண் ரோடு தனியார் சொத்து. உரிமையாளரிடமோ மேனேஜரிடமோ நேரில் போய்க் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் சிலர் விடுவார்கள். பழம் பறிக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை கேட்காமல் இருப்பதே நல்லது. அந்த ரோட்டில் மூட்டையோடு ஆட்கள் நடப்பார்கள், வளைவில் டிராக்டர் நிற்கும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். ஈரச் செம்மண்ணில் டயர் போட்ட பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகி ரோட்டையே அரித்துவிடும்.

உரிமையாளர் அனுமதித்தாலும் சில விஷயங்களை மனதில் வையுங்கள். சில்வர் ஓக் சருகு விழுந்து கிடக்கிற இடத்தில் அடியில் கல்லா, குழியா என்று தெரியாது. சருகின் மேல் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும். காட்டெருமை நின்றால் இஞ்சினை அணைத்துவிட்டு, தூரத்திலேயே நின்று, அது போகும் வரை காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.

இதெல்லாம் கட்டுப்பாடு மாதிரி தெரியலாம். மால்கம் தன் வாழ்நாளில் பாதியை பாஹா கிராமங்களின் வழியாக ஓட்டினார். அந்த மண்ணுக்கு அவர் என்ன திருப்பிக் கொடுத்தார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பந்தயம் தவிர என்ன செய்தார்?

பாஹாவில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு வருஷக்கணக்கில் உதவினார். நண்பர்களை மோட்டார் சைக்கிளில் பாஹா முழுக்கக் கூட்டிப்போய், அந்தப் பயணத்தின் மூலம் பணம் திரட்டினார். அதற்காகத் தன் பெயரில் ஒரு அறக்கட்டளையும் வைத்தார். பந்தயம் ஓடிய மண்ணுக்கு அவர் திருப்பிக் கொடுத்தது அது.

இன்னொரு விஷயம் அவருடைய துணிச்சலைக் காட்டும். 2008-இல் அமெரிக்காவில், குழந்தைகள் பொருட்களில் ஈயம் மிகச் சிறிய அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பொம்மைக்குச் சரி. ஆனால் குழந்தைகளுக்கான சின்ன மோட்டார் சைக்கிளின் பேட்டரியிலும் வால்விலும் கொஞ்சம் ஈயம் இருக்கும் என்பதால் அவையும் தடையில் சிக்கின. சின்ன வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களின் வண்டியில் ஏறி விழுவார்கள் என்பது மால்கமின் வாதம். 2009 மார்ச்சில் தன் கடையில் எல்லோரையும் கூட்டி, பகிரங்கமாகக் குழந்தைகள் வண்டியை விற்றார். அபராதம் வரும் என்று தெரிந்தே செய்தார். 2011-இல் அந்த வண்டிகளுக்கு விலக்கு கொடுத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அப்படியானால் என் பையனுக்கும் வண்டி வாங்கித் தரலாமா? பதினான்கு வயது ஆகிறது.

ரோட்டில் ஓட்டக் கூடாது அண்ணாச்சி. நம் நாட்டுச் சட்டம் இதில் கடுமையாக இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. கோரிமேடு பக்கம் சாயங்காலம் பார்த்தால் இந்தச் சட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாதோ என்று தோன்றும்.

ஆர்வம் இருந்தால் சைக்கிளில் ஆரம்பியுங்கள். மண் தரையில், நின்றபடி, பள்ளம் மேடு ஏறி இறங்கப் பழகட்டும். பார்வை பத்தடி முன்னால் இருக்க வேண்டும், சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வண்டி பின்னால் சுலபம். லீவில் பட்டறைக்கு அனுப்புங்கள், செயின் கழுவக் கற்றுத் தருகிறேன்.

நம் நாட்டில் இப்படி யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ் 2015-இல் டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர். 36-வது இடம். டக்காரை முடிப்பதே பெரிய காரியம். கேரளத்து ஹரித் நோவா 2024-இல் ஒட்டுமொத்தத்தில் 11-வதாக வந்து, ராலி 2 பிரிவில் முதலிடமும் பிடித்தார். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. டிவிஎஸ் தொழிற்சாலை நம்ம ஓசூரில் இருக்கிறது என்பதால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா வகைப் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையின் பெண்கள் பட்டத்தை வென்றார். இவர்கள் படமும் மாட்டத்தான் வேண்டும், சுவரில் இடமும் இருக்கிறது.

அவர் ஓட்டுவதைப் பார்க்க முடியுமா?

1971-இல் புரூஸ் பிரவுன் எடுத்த ஆன் எனி சண்டே என்ற ஆவணப்படத்தில் பார்க்கலாம். நடிகர் ஸ்டீவ் மெக்வீனும் அதில் வண்டி ஓட்டுவார். மால்கமின் பெயர் உலகம் முழுக்கப் போனது அந்தப் படத்தால்தான். கலிபோர்னியாவின் எல்சினோர் ஊரில் நடக்கும் பந்தயக் காட்சியில் அவருடைய முழங்காலை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறோம். அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா?

புதிதாக மலை ஓட்டுகிறவர்கள் அடிவாரம் வழியாகவே ஏறுங்கள். ரோடு அகலம், வளைவுகளில் எண் போட்டிருக்கும், ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் இருக்கும். ஞாயிறு என்றால் விடிந்ததும் கிளம்புங்கள். காலை எட்டு மணிக்கு மேல் கார் வரிசை கட்டிவிடும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழு ரோடும் தேவைப்படும். மேலேயோ கீழேயோ பஸ் தெரிந்தால் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

ஓரளவு பழகியவர்களுக்குக் குப்பனூர் வழி நன்றாக இருக்கும். கூட்டம் குறைவு, ஆனால் ரோடு குறுகல், ஏற்றமும் கூடுதல். கனமழையில் மண் சரிந்து அடிவாரப் பாதையை மூடினால் எல்லா வண்டியும் அங்கே திரும்பும், அன்றைக்குப் போகாதீர்கள். மேலே போனதும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கிறது. தோட்டங்களுக்கு நடுவே போகும் நல்ல தார் ரோடு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நின்று ஓட்டிப் பழக அதன் சின்னச் சின்ன மேடு பள்ளமே போதும். பனி இறங்கினால் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் வைத்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.